துலுக்காத கெடாய்

— ரெண்டாந் தண்ணியும் தெளிச்சாச்சு, இன்னமுந் துலுக்கலீங்களேம்மா.

— துலுக்கும் சாமி, சித்தெ பொறு. மஞ்சத்தண்ணி முதுகுல ஊறோணும், காதுக்குள்ள எறங்கோணும், கருப்பணாரு மனசு வெக்கோணும். அவரு சம்மதிச்சாருன்னா கெடாய் தலையிலிருந்து வாலு வரைக்கும் உடம்ப ஒரே உதறா உதறிப் போடும். அதுக்கு மின்ன கத்தி பட்டுச்சுன்னா அது பூசையில்ல, கொலை. உங்க பள்ளிபாளையத்துல இப்பிடித் தண்ணி தெளிச்சுக் கேக்க மாட்டீங்களா?

— எங்கூட்டுச் சாமி சைவமுங்க. பொங்கலு, தேங்காயோட சரி. ஊருக்குள்ள வெட்டுவாங்க, நான் கிட்டக்க நின்னு பாத்ததில்லீங்க.

— அதான் அத்தனை தூரத்துல நிக்கிறியா? இப்பிடி வேப்பமரத்து நெழலுக்கு வா. வெயிலுக்கு மண்டை காஞ்சு போகும். என்ன, வந்ததுலிருந்து ரோட்டையே பாக்கறே?

— ஒண்ணுமில்லீங்க. அண்ணன் போயி ரொம்ப நேரமாச்சுங்களே, அதான்.

— சண்முகவேலு பூசாரியக் கூட்டியாரப் போயிருக்கறான். பூசாரி காளியண்ணன் அவரு ஊட்டுக் கட்டில்ல படுத்துட்டு இருப்பாரு, எழுப்பிக் கூட்டியார வேண்டாமா? வந்துருவான். உனக்கு என்ற மகனக் கண்டாப் பயம், அப்பிடித்தான?

— பயமெல்லாம் இல்லீங்க. ... இருக்குதுங்கம்மா. சாமி முன்னால நின்னுட்டுப் பொய் சொல்லி என்ன ஆகப் போகுது. இந்தப் பக்கத்து வேலூரு பஸ் ஸ்டாண்டுல என்னைய வண்டியில ஏத்துனாரு, இந்த ஆத்தங்கரை வரைக்கும் ஒரு வார்த்த பேசலீங்க. அருவாளச் சாக்குல சுத்தி என்ற காலடியில போட்டாரு. இங்க வந்து எறங்குனதும் அதையே எடுத்துக் கல்லுல தீட்டுனாரு. தீட்டறப்பக் கெடாயப் பாக்கலீங்க, என்னையத்தாம் பாத்தாரு.

— உன்னையத்தான் பாத்தானா?

— கோர்ட்டு வராண்டாவுலயும் அப்பிடித்தானுங்க. மூணு வருசம் எதிரெதிர நின்னிருக்கறோம். உங்க ஒறம்பரைக்காரவிய எல்லாம் மண்ண வாரித் தூத்துனாங்க, எங்கம்மாளப் பேசாத பேச்செல்லாம் பேசுனாங்க. அதைக்கூடத் தாங்கிக்கிட்டனுங்க. உங்க சின்னப் பையன் மேல லாரிய ஏத்துனவன் நானு, பேசத்தான் செய்வாங்க. ஆனா அண்ணன் வாயத் தொறக்காமக் கண்ணு கொட்டாம என்னையே பாத்துட்டு நிப்பாருங்க. அன்னைக்கெல்லாம் ராத்திரி ஊட்டுக்குப் போனாச் சோறு எறங்காதுங்க.

— என்ற கூடயும் அவன் பேசறதில்ல சாமி. தம்பி செத்த நாளாப் பேச்சு நின்னு போச்சு. சோத்தப் போட்டாத் திம்பான், வெத்தலைக் கொடிக்காலுக்குப் போவான், பொழுதோட வருவான், அக்கட்டால மொகத்தத் திருப்பிப் படுத்துக்குவான். ஒரே ஊட்டுல ரெண்டு பேரு, ஊமையாட்டம்.

— அம்மா, அந்தப் பக்கம் ஒரு குழி வெட்டிப் போட்டிருக்குதுங்களே, அது எதுக்குங்க?

— அடுப்புக்கு.

— இத்தனை நீட்டமாங்களா?

— மூணு அண்டா வரிசையா ஏத்தோணுமல்லொ. ஊரே வந்து திங்கற சோறு. உன்னைய அதுல படுக்க வெச்சா அளவு பாப்பாங்க?

— அதில்லீங்க. திங்கறதுக்கு ஆரையுங் காணமே, நம்ம மூணு பேருதான இருக்கறோம்னு கேட்டன்.

— கெடாய் துலுக்குச்சுன்னாத்தான் போன் பண்ணி வாரச் சொல்லுவம். போன வருசமும் அதுக்கு முந்தின வருசமும் ஒறம்பரையெல்லாம் வந்து எலை போட உக்காந்துட்டாங்க. கெடாய் கல்லாட்டம் நின்னுது. மூணு தண்ணி தெளிச்சும் ஒரு மசுரு அசையல. அவிய அவிய எந்திரிச்சுத் துண்ட உதறிட்டுப் போயிட்டாங்க. நான் அண்டாவக் கழுவிக் கவுத்துட்டு அழுதுட்டே ஊடு போய்ச் சேந்தன். இந்த வருசம் ஆரையுங் கூப்புடல. உன்னைய மட்டுந்தான் கூப்புட்டன்.

— என்னைய எதுக்குங்கம்மா? நான் உங்க பங்காளியா, மாமன் மச்சானா?

— சொல்றன். மோரு கொண்டாந்திருக்கறன், மொதல்ல குடி. வெயில்ல வந்தவன்.

— இருக்கட்டுங்க. தாகமில்லீங்க.

— ஒதடு வெடிச்சுக் கெடக்குது, தாகமில்லயாமா. என்ன, வெசங் கலந்திருக்கறன்னு நெனைக்கறியா? இந்தா பாரு, நான் ஒரு வாயி குடிக்கறன். ... ஆச்சா? உசுரோடதான இருக்கறன்? இப்பக் குடி.

— மன்னிச்சுக்கங்கம்மா. கிறுக்குப் புடிச்சாப்ல ஆயிருச்சுங்க எனக்கு. இங்க வாரதை மதுமதி மேடத்துகிட்டக்கூடச் சொல்லாம வந்துட்டனுங்க, அந்த வெசனம் வேற.

— அது ஆரு மேடம்?

— நன்னடத்தை ஆபீசருங்க. ஜட்ஜம்மா என்னைய ஜெயிலுக்கு அனுப்பாம எழுதி வாங்கிட்டு உட்டாங்கல்லங்க, நான் ஒழுங்கா இருக்கறனான்னு பாக்கறது அந்த மேடந்தான். மாசாமாசம் போயி நிக்கோணும். வெளியூரு போனாச் சொல்லிட்டுப் போவோணும். ஒரு அடிதடி, ஒரு வாய்த்தகராறுன்னு என்ற பேரு வந்தாப் போதுங்க, உட்டது ரத்தாகி நேரா உள்ளதான். இப்ப அண்ணனே வந்து என்னைய நாலு வெட்டு வெட்டுனாலும் நான் கையக் கட்டிட்டு நிக்கோணும். நீங்கதான் சொல்லாம வான்னீங்க.

— ஆமா. சொல்லியிருந்தா அந்தம்மா போகாதேன்னு தடுத்திருக்கும். உனக்கு ஜாமீனு ஆரு நின்னா?

— நீங்கதானுங்க.

— அப்பறமென்ன. நீ ஓடிப் போனா என்னையத்தான் புடிப்பாங்க. செத்தவனப் பெத்தவ, ஏத்துனவனுக்கு ஜாமீனு. கோர்ட்டு வாசல்ல டீ விக்கறவன்கூட மாரக்காளுக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னான்.

— அன்னைக்கு நீங்க கூண்டுப் பக்கத்துல வந்து நின்னது என்ற கண்ணுலயே நிக்குதுங்கம்மா. அரசு வக்கீலு, வண்டியேத்திக் கொன்ன கேசுல எரக்கம் பாத்தா ரோட்டுல ஆளு நடமாட முடியாது, ரெண்டு வருசம் போடோணும்னு நின்னாரு. நீங்க எந்திரிச்சு, ஒருத்தனப் பறிகுடுத்தது பத்தாதா, இந்தப் பையனையும் அங்க அனுப்பி எதுக்குக் கெடுக்கோணும், இவனுக்கு இன்னொருக்காப் பொழைக்க வழி உடுங்கன்னு கேட்டீங்க. ஜட்ஜம்மா பேனாவ மூடி வெச்சுட்டுச் சித்தெ நேரம் உங்களையே பாத்தாங்க. அப்பறம் என்னையப் பாத்து, இந்தத் தாய் உனக்குக் குடுத்ததத்தான் நானும் குடுக்கறன், வீணாக்கிராதேன்னாங்க. எங்கம்மா தெனமும் உங்க பேரச் சொல்லித்தாங்க வெளக்கு வெக்குது. இத்தனை பெரிய மனசு ஆருக்கு வரும்னு அழுவுது.

— வெளக்க அணைக்கச் சொல்லு.

— ஏனுங்கம்மா?

— பெரிய மனசுமில்ல, ஒண்ணுமில்ல. நான் உன்னைய வெளிய கொண்டாந்தது எரக்கப்பட்டில்ல ஜீவானந்தம். நீ உள்ள போயிட்டா எனக்கு ஒரு பதிலு கெடைக்காமப் போயிரும். அதுக்காவ.

— என்ன பதிலுங்க? நான் கெளம்பறனுங்க. ரோட்டுக்குப் போனா ஏதாச்சும் வண்டி வரும்.

— உக்காரு. கெடாய் அவுத்துக்கிட்டு ஓடிராம, கயித்தப் புடிச்சுக்க. அன்னைக்கு நடந்தத எனக்கு ஒருக்காச் சொல்லு. கோர்ட்டுல சொன்னாப்ல வேண்டாம். நடந்தாப்லச் சொல்லு.

— உங்க காட்டுலயே நடந்ததுதானுங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?

— நான் காட்டுக் குடிசையில, சாளைக்குள்ள இருந்தன். நீ வெளிய இருந்தே. சொல்லு.

— ராத்திரியெல்லாம் போரு ஓட்டி விடிகாலம் தண்ணி வந்துச்சுங்க. உங்க காடுங்கறதால அண்ணனுக்கு ஒரே சந்தோசம். மத்தவிய எல்லாம் இன்னொரு வண்டியில வேலூருக்குச் சாப்புடப் போயிட்டாங்க. நானு, போர்மேன் சண்முகவேலண்ணன், எடுபுடியா இருந்த உங்க சின்னவரு, மூணு பேருதான் இருந்தம். சேத்துல பின்சக்கரம் எறங்குதுன்னு அண்ணன் சொன்னாரு. விசில் குடுத்ததும் வண்டியப் பின்னால எடுத்து மேட்டுல நிறுத்துன்னாரு. நான் ஏறி இஞ்சினப் போட்டுட்டு உக்காந்திருந்தனுங்க.

— விசிலுன்னா?

— போரு போடற ரிக்கு லாரி மலையாட்டம் இருக்குமுங்க. பின்னால ஒண்ணும் தெரியாது. அடியில வெயிலுக்கு ஆளு படுத்திருப்பாங்க, கம்பி கெடக்கும். ஒருத்தரு சுத்தி வந்து குனிஞ்சு பாத்துட்டு, நீட்டமா ஒரு விசிலு குடுத்தாத்தான் கியரப் போடோணும். வண்டிக்கு ஒரே விசிலு. அது போர்மேன் கழுத்துல கெடக்கும்.

— அப்பறம்?

— அப்பறமென்னங்க. எடுத்தன். சின்னவரு பின்சக்கரத்துக்கிட்டத் துண்ட மடிச்சுத் தலைக்கு வெச்சுத் தூங்கிட்டிருந்திருக்கறாரு. எனக்குத் தெரியலீங்க. சத்தியமாத் தெரியலீங்கம்மா.

— விசிலு குடுத்தாங்களா?

— இல்லீங்க. விசிலு இல்லாமயே அவசரப்பட்டு எடுத்துட்டனுங்க. கோர்ட்டுலயும் அதத்தான் ஒப்புக்கிட்டன்.

— பொய்யி.

— அம்மா...

— உன்னையக் குத்தஞ் சொல்லல. நானும் பொய் சொன்னவதான். போலீசுக்காரன் கேட்டப்ப ஒரு சத்தமும் காதுல உழுகலீன்னன். உங்க மூணு பேருக்கு அடுப்புல டீத்தண்ணி கொதிச்சுட்டிருந்துச்சு. நீட்டமா ஒரு விசிலு கேட்டுச்சு. அதுக்கப்பறந்தான் லாரி உறுமுச்சு. அப்பறம் சண்முகவேலு கத்துனது. இந்தக் காதுல கேட்டன் சாமி. மூணு வருசமாக் கண்ண மூடுனா அந்த விசிலுதான் கேக்குது.

— உட்ருங்கம்மா. முடிஞ்சு போச்சு. நான் ஏத்துக்கிட்டன், நீங்க மன்னிச்சுட்டீங்க, ஜட்ஜம்மாளும் உட்டுட்டாங்க. இனி எதுக்குங்க?

— எதுக்கா? நான் தெனமும் ஒருத்தனுக்குச் சோறு போடறனல்லொ, அவன் ஆருன்னு எனக்குத் தெரியோணும். காட்டப் பிரிக்கோணும்னு அந்த மாசமெல்லாம் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு. நான் வெயில்ல கெடந்து இவனப் படிக்க வெச்சன், இவன் காலேசுக்குப் போறன்னு ஒரு வருசம் நம்மள ஏமாத்திட்டு ஈரோட்டுல சுத்தியிருக்கறான், இவனுக்கு எதுக்குப் பாதிக் காடுன்னு பெரியவன் குதிச்சான். விசிலு அவங் கழுத்துல இருந்துச்சு. குனிஞ்சு பாத்தாத் தம்பி படுத்திருக்கறது தெரியும். பாத்துட்டுத்தான ஊதோணும்? நீதான சொன்னே?

— ஐயோ, அப்பிடி நெனைக்காதீங்கம்மா. தங்கமான மனுசருங்க அவரு.

— தங்கமான மனுசன் மூணு வருசமா ஏன் பேசாம இருக்கறான்? சொல்லு. இந்தக் கெடாய் ஏன் துலுக்க மாட்டீங்குது? காளியண்ணன் போன வருசமே சொன்னாரு. ஊட்டாள்ல ஆரோ வாய்க்குள்ள எதையோ அடக்கி வெச்சுட்டு நிக்கறீங்க, அதக் கக்குனாத்தான் சாமி எறங்கி வருவாருன்னாரு. நான் போயி உழுந்து கும்புட்டன். பெரியவனும் உழுந்து எந்திரிச்சான், கல்லாட்டம். அவன் வாயில வராது. அதான் உன்னையக் கூட்டியாந்தன். நீ சொல்லு.

— ஒருத்தரு பேசாம இருந்தா அவரு தப்புப் பண்ணுனாருன்னு அர்த்தமாங்கம்மா? உங்க சின்னவருகிட்ட நீங்களுந்தான் பேசாம இருந்தீங்களாமா. வண்டியில எங்ககிட்டச் சொல்லி வருத்தப்படுவாரு.

— ஆமா, இருந்தன். ஒரு வருசம் ஏமாத்துனவன மடியில வெச்சுக் கொஞ்சச் சொல்றியா? கம்பி தூக்குனாத்தான் புத்தி வரும்னு நாந்தான் லாரிக்கு அனுப்புனன். அன்னைக்குக் காத்தால டீக்கு வந்து நின்னான். ஆத்தா, ஒருக்கா என்ற மொகத்தப் பாத்துப் பேசு, இன்னொருக்காச் சேந்து ஒழுங்காப் படிச்சர்றேன்னான். இன்னம் என்ற மனசு ஆறலே போடான்னுட்டு உள்ள போயிட்டன். பத்து நாளு போனாத் தானாச் சரியாப் போகும்னு இருந்தன். பத்து நாளு எங்க இருந்துச்சு எனக்கு. அது என்ற வயித்தெரிச்சலு, அத உடு. நீ பேச்ச மாத்தாத.

— மாத்தலீங்க.

— இந்தா, சொம்ப எடுத்துட்டன். மூணாந் தண்ணி. இதுக்கும் துலுக்கலீன்னா அடுத்த வருசம் கேக்கறதுக்கு நான் உசுரோட இருக்க மாட்டன். கெடாய் முதுகுல கைய வெயி. உனக்கு ஜாமீனு நின்னவ கேக்கறன். விசிலு கேட்டுச்சா இல்லியா?

— ... கேட்டுச்சுங்கம்மா.

— ஆரு குடுத்தா?

— ஆளப் பாக்கலீங்க. விசிலு கேட்டாலும் ஆளு கண்ணாடியில தெரியற வரைக்கும் எடுக்கக் கூடாதுங்க. ராத்திரித் தூக்கமில்ல, பாக்காம எடுத்துட்டன். அது என்ற தப்புத்தான், அதுக்குத்தான் கோர்ட்டுல தலையக் குனிஞ்சன்.

— ஆரு குடுத்தா?

— அண்ணனத் தவிர ஆருங்க குடுப்பாங்க? அன்னைக்கு ஆசுபத்திரி வராண்டாவுல அவரு என்ற கால்ல உழுந்தாருங்க. என்ற வயசுக்கு மூத்தவரு. விசிலு கேட்டதை மட்டும் ஆருகிட்டயும் சொல்லிராத ஜீவா, ஆத்தா காதுக்குப் போச்சுன்னா அது உசுரோட இருக்காதுன்னு அழுதாரு. ஒரு மகன எடுத்துட்டன், இன்னொருத்தரையும் உங்ககிட்டயிருந்து புடுங்கோணுமான்னு வாய மூடிக்கிட்டன். அவரு தெரிஞ்சு பண்ணியிருக்க மாட்டாருங்கம்மா. சரியாக் குனிஞ்சு பாக்காம ஊதியிருப்பாரு. அவ்வளவுதானுங்க.

— தண்ணிய ஊத்தறன். கருப்பணாரே, கேட்டீரா? பையன் வாயத் தொறந்துட்டான். நானும் தொறந்துட்டன். இனி நீதான் சொல்லோணும். அவன் பாத்துட்டு ஊதுனானா, பாக்காம ஊதுனானா?

— தண்ணி வாலு வரைக்கும் வழிஞ்சு போச்சுங்கம்மா, நெசத்தச் சொல்லியும் துலுக்கலீங்களே.

— ஏன்? இன்னும் என்ன பாக்கி? ஏண்டா நிக்கறே இப்பிடி, வாயில்லாச் சீவனே?

— ஆத்தா.

— அம்மா, அண்ணனுங்க. மரத்துக்குப் பின்னால. அண்ணா, அந்த அருவாளக் கீழ போடுங்கண்ணா. நான் வேணும்னு சொல்லலீங்கண்ணா, கெடாய் மேல கைய வெக்கச் சொன்னாங்க.

— பயப்படாத ஜீவா. போட்டுட்டன், பாரு. உன்னைய என்ன பண்ணப் போறன் நானு. மூணு வருசமா உம்மொகத்தப் பாத்துட்டு நின்னது மன்னாப்புக் கேக்கத்தான். வாயி வரல.

— எத்தனை நேரமா நிக்கறே சண்முகவேலு? பூசாரி எங்க?

— வாராரு. நான் முன்னாலயே வந்துட்டன். கேட்டுட்டேதான் இருந்தன் ஆத்தா.

— கேட்டியல்லொ. அப்ப வா. வந்து கெடாய் மேல கைய வெயி. தம்பி படுத்திருக்கறதப் பாத்துட்டு ஊதுனியா? ஆமான்னாலும் சொல்லு. உன்னையப் பெத்ததும் இந்த வயிறுதான். அடுத்தவன் புள்ளைக்கு வழி கேட்டவ உனக்குக் கேக்காமப் போயிருவனா? அந்த ஜட்ஜம்மா கால்லயே போய் உழுவன்.

— வேண்டாம் ஆத்தா. நாந்தான் ஊதுனன்னே வெச்சுக்க. நாளைக்கே கோர்ட்டுல போய் நின்னு சொல்லிர்றன். இவனுக்குப் பதிலா என்னைய உள்ள வெக்கட்டும். அதோட உடு.

— வெச்சுக்கறதா? என்னடா பேச்சு இது. சாமி முன்னால நின்னுட்டு வெச்சுக்கன்னு சொல்றே. ஊதுனியா, இல்லியா?

— ... இல்ல.

— அண்ணா, பொய் சொல்லாதீங்கண்ணா. விசிலு உங்க கழுத்துலதான இருந்துச்சு.

— இருந்துச்சு. சட்டையோட கழட்டி லாரிக் கொக்கியில மாட்டிட்டு, ஒரு சொம்பு மேலுக்கு ஊத்திட்டு வந்தர்லாம்னு தொட்டிக்குப் போனன். தண்ணியில இருக்கறப்ப விசிலுச் சத்தம் கேட்டுச்சு. ஈரத்தோட ஓடியாந்தன்.

— அப்ப வேற ஆருடா ஊதுனது? அங்க வேற ஆரு இருந்தா? நீ தொட்டியில, இவன் வண்டி மேல, நான் சாளைக்குள்ள. அவந் தூங்கிட்டிருந்தான். சொல்லு சாமி. எதுவா இருந்தாலும் சொல்லு, நான் தாங்கிக்கறன்.

— அவந் தூங்கல ஆத்தா. துண்ட மடிச்சுத் தலைக்கு வெச்சுப் படுத்திருந்தானல்லொ, அவங் கைய விரிச்சு அந்த விசில எடுத்தது நாந்தான்.